பதினேழாவது தேவசெயல்

கெசியா லார்க்கின் எழுதும்போது காகிதத்தைப் பார்க்க மாட்டாள். மேடையில் நிற்கும் போதகரின் வாயைத்தான் பார்ப்பாள். கை தன் பாட்டுக்கு ஓடும். மடியில் ஒரு பலகை, அதன் மேல் நாலாக மடித்த தாள், விரலிடுக்கில் ஈயக் குச்சி. வெல்கோட் சபைக் கூடத்தில் பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, ஓரத்து இடம். பனிக்காலத்தில் கூடத்துக்குள்ளேயே மூச்சு புகையாக வரும். அப்போதும் அவள் வலது கைக்கு மட்டும் உறை போட்டதில்லை.

பிரசங்கத்தைக் குறிப்பெடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்து பேர் எழுதுவார்கள். ஆனால் அவர்கள் எழுதுவது எலும்புக்கூடு: தலைப்பு, பிரிவு, வசன எண். கெசியா எழுதியது சதையோடும் தோலோடும் முழு உடம்பு. அவள் அப்பா இங்கிலாந்தில் ஒரு வக்கீலிடம் எழுத்தராக இருந்தவர். இந்தப் புது நாட்டுக்கு வந்த ஒன்பது வாரக் கப்பல் பயணத்தில் வேறு வேலை இல்லாமல் ஆறு வயது மகளுக்குத் தன் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கொக்கியும் புள்ளியுமாக இருக்கும் அந்த எழுத்தில் பாதி அவரே மாற்றிக்கொண்டது. அவர் செத்த பிறகு அதைப் படிக்கத் தெரிந்த ஆள் கடலுக்கு இந்தப் பக்கம் ஒருத்திதான்.

வளர்ந்து தோல் பதனிடும் ரூபன் லார்க்கினைக் கட்டிக்கொண்டாள். ரூபன் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதற்கும் சேர்த்து அவள் பேசுவாள் என்று ஊரில் கேலி உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோல், நாலு பிள்ளைகள், ஒரு பசு, வாரத்துக்கு ஐந்து மணி நேரப் பிரசங்கம். இவ்வளவுதான் அவள் வாழ்க்கை.

ஞாயிறு சாயங்காலம் மூப்பர் கிம்பல் வீட்டுப் பெரிய கூடத்தில் முப்பது பேர் கூடுவோம். அன்றைய பிரசங்கத்தை கெசியா வாசிப்பாள். சபைக் கூடத்தில் பெண் வாய் திறக்கக்கூடாது. வீட்டில் வாசிக்கலாம், வாசிப்பது போதகரின் வார்த்தை என்பதால். தன் வார்த்தை ஒன்றைக்கூடச் சேர்க்கக்கூடாது என்பது நிபந்தனை. ஒரு தடவை மூப்பரே, போதகர் இப்படிச் சொல்லவில்லையே என்று இழுத்தார். "அந்த நேரத்துல நீங்க தூங்கிட்டிருந்தீங்க மூப்பரே. உங்க குறட்டையால ரெண்டு வார்த்தை எனக்கே கேக்கல. அந்த எடத்துல கோடு போட்டு வெச்சிருக்கேன் பாருங்க" என்றாள். மூப்பருக்கு அந்தக் கொக்கிகள் ஒன்றும் புரியாது. ஆனாலும் தாளை வாங்கிப் பார்த்தார்.

போதகர் நெகேமியா ஹாலோவேக்கு அவளால் ஆன காரியம் சிறியதல்ல. அவர் முழுதாக எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவர் அல்ல. உள்ளங்கை அளவு சீட்டில் நாலு வரி, அதுவும் மறுநாள் எங்கே போகும் என்று தெரியாது. பாஸ்டனில் அச்சான அவருடைய பதினோரு பிரசங்கங்களும் கெசியாவின் தாள்களிலிருந்து எழுந்தவை. அவள் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். என் கையெழுத்து அச்சுக்கோப்பவனுக்குப் புரியும். புத்தக முன்னுரையில் போதகர் 'கவனமுள்ள ஒரு செவிக்கு' நன்றி சொல்லியிருந்தார். செவிக்குப் பெயர் போடவில்லை. அவளிடம் மட்டும் அடிக்கடி சொல்வார்: "மேடையிலேர்ந்து வர்ற ஒரு சொல்லயும் விட்டுடாதம்மா. எது வேணும் எது வேண்டாம்னு நான் பாத்துக்கறேன்."

அவருடைய நடை எனக்குப் பிடிக்கும். மறைப்பானேன்? இங்கிலாந்தில் பிஷப்புமாரின் ஆட்கள் லத்தீனும் கிரேக்கமும் கலந்து, ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியத்தைச் செருகி, பிரசங்கத்தை நகைக்கடை மாதிரி செய்து வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வந்தவர்கள். உழுகிறவனுக்குப் புரியாதது தேவ வசனம் ஆகாது என்றார்கள். சின்ன வாக்கியம். தெரிந்த சொல். எதுகை இல்லை, மோனை இல்லை, ஜோடனை இல்லை. பள்ளியில் நானும் அதைத்தான் போதித்தேன். அலங்காரம் இல்லாமல் எழுதுகிறவனுக்குப் பொய்யை ஒளித்து வைக்க இடம் இருக்காது என்று நம்பினேன். முப்பத்தெட்டு வயதுவரை நம்பினேன். வெட்கமாக இருக்கிறது.

ஆயிரத்து அறுநூற்று எண்பத்து மூன்று, ஜூன் மாதம், ஒரு ஞாயிறு. காலைப் பிரசங்கம் முடிந்து மதியப் பிரசங்கத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. தூரத்து வீட்டுக்காரர்கள் வெளியே புல்லில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள். கெசியா உள்ளேயே இருந்து, காலையில் விட்டுப்போன மூன்று வரியை நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைசி மகன் ஏனோஸ், நாலு வயது, தண்ணீர் குடிக்கப் போனான். சபைக் கூடத்து முற்றத்தில் இருக்கும் கிணறு அது. சுற்றுக் கட்டை உளுத்து விழுந்து இரண்டு வருடம். மூடி கிடையாது. வாய் தரையோடு தரையாக, புல்லுக்குள் இருந்தது.

ரூபன்தான் இறங்கித் தூக்கி வந்தார். மதியப் பிரசங்கம் அன்று அரை மணி தாமதமாகத் தொடங்கியது. ஆனால் தொடங்கியது.

கிணற்றைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. பெண்கள் மூன்று தடவை மூடி கேட்டிருந்தார்கள். போன வருட வசந்தத்தில் அதற்கென்று ஊரார் ஓக் பலகைகளை அறுத்து அடுக்கியும் வைத்திருந்தார்கள். பிறகு பலகைகள் காணாமல் போயின. எங்கே போயின என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே யாரும் சொல்லவில்லை. தச்சன் ஏதோ தப்பாக எடுத்துவிட்டான் என்று ஒரு பேச்சு மட்டும் மெல்ல உருவாயிற்று. தச்சன் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டிருந்தான். இல்லாத ஆள்மேல் பழி நன்றாக நிற்கும்.

அக்டோபரில் போதகர் புதுப் புத்தகம் ஒன்றைத் தொடங்கினார். தேவனின் கரம் இந்த நாட்டில் வெளிப்பட்ட அரிய சம்பவங்களின் தொகுப்பு. மின்னல் தாக்கியவன், கப்பல் உடைந்தும் பிழைத்தவன், சபித்த மறுகணம் நாக்கு வீங்கியவன். மற்ற ஊர்ப் போதகர்களும் கடிதம் எழுதி அனுப்பினார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. அச்சுக்குப் போகும் பிரதியைச் சுத்தமாக எழுதித் தருவது வழக்கம்போல் என் வேலை. பதினேழாவது இது:

'வெல்கோட் ஊரில் தோல் பதனிடுபவனின் மனைவி ஒருத்தி எழுதுகோலில் தேர்ந்தவள். அதில் பெருமை கொண்டாள். ஓய்வுநாள் நண்பகலில் அவள் தன் எழுத்தில் மூழ்கியிருக்க, தேவன் அவளுடைய நான்கு வயது மகனைத் தண்ணீரில் எடுத்துக்கொண்டார். தாய்மாரே, எதை அதிகம் நேசிக்கிறீர்கள் என்று பாருங்கள்.'

நாலு வாக்கியம். உழுகிறவனுக்குப் புரியும். குழந்தைக்கும் புரியும். ஒரு சொல் அதிகமில்லை. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நேராகத் தோல் பட்டறைக்குப் போனேன்.

கெசியா சாய்ந்த கட்டையில் போட்ட தோலில் மயிர் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாசித்தேன். கத்தியை நிறுத்தாமலே கேட்டாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"கெணறுன்னு ஒரு வார்த்தை இல்லையே, வாத்தியாரே."

"இல்லம்மா. தண்ணின்னு மட்டும்தான் இருக்கு."

அப்போதுதான் கத்தியை வைத்தாள். "என்னப் பத்தி என்ன வேணா எழுதட்டும். அன்னைக்கு நான் எழுதிட்டுதான் இருந்தேன். அத எந்த ராத்திரியும் நான் மறக்கல, அவர் ஞாபகப்படுத்த வேண்டாம். ஆனா என் புள்ள எதுக்குச் செத்தான்னு அச்சடிச்சு வெச்சிடுவாங்களா? பாஸ்டன்ல ஒருத்தி, லண்டன்ல ஒருத்தி, தன் புள்ளய மெரட்டுறதுக்கு என் ஏனோச எடுத்துக் காட்டுவா. நான் செத்த பொறவும் காட்டுவா."

அந்தப் பக்கம் புத்தகத்தில் வரக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் முறைப்படி போதகர் வீட்டுக்கே போனாள். என்ன நடந்தது என்று பிறகு சொன்னாள். அவர் கோபப்படவில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். உன் துக்கம் வீணாகாமல் ஆயிரம் தாய்மாருக்குப் பாடமாகிறதே என்று மகிழச் சொன்னார். பெயர் போடவில்லையே என்றார். வெல்கோட்டில் தோல் பதனிடுபவன் ஒருவன்தான் என்று அவள் சொன்னாள். சரி, எடுக்க வேண்டாம், 'மூடியில்லாத கிணறு' என்று இரண்டு சொல் சேருங்கள் என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது. கிணறு இரண்டாம் காரணமாம். தேவன் முதற் காரணம். இப்படிப்பட்ட புத்தகத்தில் இரண்டாம் காரணங்களுக்கு இடமில்லையாம்.

என்ன அழகான ஏற்பாடு! உளுத்த கட்டை இரண்டாம் காரணம். காணாமல் போன பலகை இரண்டாம் காரணம். மூன்று தடவை கேட்டும் காது கொடுக்காத மூப்பர்கள் இரண்டாம் காரணம். மனிதன் செய்தது, செய்யாமல் விட்டது எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிப் பின்னால் தள்ளிவிட்டு, வானத்தைக் காட்டினால் முடிந்தது. ஆனால் தாயின் பெருமை மட்டும் எப்படி மூட்டைக்குள் போகாமல் முன்னால் வந்து நிற்கிறது? அதுவும் மனிதக் காரணம்தானே? இதை நான் அவளிடம் கத்தினேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ரூபன், விட்டுடு கெசியா என்று அன்றைய இருபது வார்த்தையில் இரண்டைச் செலவழித்தார். அவள் பரணிலிருந்து போன வருடத்துத் தாள்கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள்.

வழியைத் திறந்துவிட்டவர் போதகரேதான். புதுப் புத்தகத்துக்கு முகப்பாக, போன வருடம் ஏப்ரலில் தேவனின் கரத்தைப் பற்றித் தாம் செய்த பிரசங்கத்தைப் போட விரும்பினார். சீட்டு வழக்கம்போல் தொலைந்திருந்தது. கெசியாவின் எழுத்து அவருக்குப் படிக்க வராது. வரும் ஞாயிறு மூப்பர் வீட்டில் அதை அவள் வாசிக்கட்டும், எல்லோருக்கும் ஒரு தடவை நினைவுபடுத்தினாற்போல் இருக்கும், வாத்தியார் எழுதிக்கொள்ளட்டும் என்றார். அன்று தாமும் வருவதாகச் சொன்னார். பெண் தன் வார்த்தையாக ஒன்றும் பேச முடியாத ஊரில், அவள் பேச அனுமதி உள்ள ஒரே வார்த்தை தம்முடையது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

கூடம் நிரம்பியிருந்தது. கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் போதகர். கெசியா நின்றுகொண்டு வாசித்தாள். முக்கால் மணி நேரம். நல்ல பிரசங்கம்தான், போதகரே இரண்டு இடத்தில் தலையசைத்தார். ஆசீர்வாதம் வந்தது. எல்லோரும் எழத் தொடங்கினார்கள். அவள் தாளைத் திருப்பினாள்.

"சகோதரி, பிரசங்கம் முடிஞ்சிடுச்சு" என்றார் மூப்பர் கிம்பல்.

"ஐயா இன்னும் மேடைய விட்டு எறங்கல மூப்பரே. ஒரு சொல்லயும் விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

குரலை ஏற்றாமல், இறக்காமல், பிரசங்கத்தை வாசித்த அதே தொனியில் தொடர்ந்தாள்: 'இன்னும் ஒரு காரியம். என் குரல் பின் பெஞ்சுக்கு எட்டவில்லை என்று சிலர் குறைப்படுகிறீர்கள். கிணற்றுக்கென்று அறுத்த ஓக் பலகைகள் நன்றாகக் காய்ந்திருக்கின்றன. அவற்றை மேடைக்கு மேல் ஒலித்தட்டாக அமைக்கத் தச்சரிடம் சொல்லிவிட்டேன். கிணறு பொறுக்கும். தேவ வசனம் பொறுக்காது.'

ஒன்றரை வருடமாக அந்த ஒலித்தட்டின் கீழ் நின்றுதான் அவர் பேசிக்கொண்டிருந்தார். ஏனோஸ் போன அன்று காலையில் அவள் எழுதியதும் அதன் கீழிருந்து வந்த சொற்களைத்தான்.

போதகர் முகம் வெளுத்திருந்தது. "நான் அப்படிச் சொல்லல" என்றார்.

"சொன்னீங்க ஐயா. நடுவுல ஒரு தடவ இருமினீங்க. அதையும் எழுதியிருக்கேன். இன்னும் ஒரு வரி இருக்கு, வாசிச்சுடட்டுமா?" பதிலுக்குக் காத்திராமல் வாசித்தாள்: 'அதுவரை சிறு பிள்ளைகளை அவரவர் தாய் பார்த்துக்கொள்ளட்டும்.'

"பாத்தீங்களா!" போதகர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எச்சரிச்சேனே. தாய்மாரப் பாத்துக்கச் சொன்னேனே. அதக் கேட்டு எழுதினவளே இவதான்."

அந்தக் கூடத்தில் பதில் சொல்லத் துணிந்தது ஹுல்டா பீபி ஒருத்திதான். பன்றி வளர்க்கிற விதவை. நாலு பிள்ளைகளை அதே கிணற்றிலிருந்து குடிக்கவைத்து வளர்த்தவள். பின்னாலிருந்து, யாரிடமோ ரகசியம் பேசுவதுபோல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அப்போ கடைசி வரி ஐயா சொன்னதுதான். அதுக்கு முன்னாடி இருக்கறத யார் சொன்னாங்களாம், கெணத்துத் தவளையா?"

யாரோ ஒருத்தர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் போதகர் மன்னிக்கவில்லை.

பலன் என்ன? புதன்கிழமை கிணற்றுக்கு மூடி வந்தது. வியாழக்கிழமை கெசியாவுக்கு அழைப்பு வந்தது. நான் இந்த வரிசையை மறக்க மாட்டேன். ஒரு பிள்ளை செத்து நாலு மாதம் வராத பலகை, ஒரு பெரிய மனிதர் வெட்கப்பட்டதும் மூன்று நாளில் வந்தது. வந்த கையோடு, அதை வரவழைத்தவளைத் தண்டிக்கவும் ஆள் வந்தது.

குற்றச்சாட்டு: போதகரை அவமதித்தாள், அமைதியைக் குலைத்தாள், வாசிக்கக் கொடுத்த அனுமதியை வஞ்சகமாகப் பயன்படுத்தினாள். அவள் வாசித்தது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூப்பர்கள் கேட்டது, சபை முன் நின்று பாவ அறிக்கை. மறுத்தால் திருவிருந்திலிருந்து விலக்கு; பிறகு ஊரே அவளோடு ஒரு மேஜையில் உட்காராது. ரூபனிடம் தோல் வாங்கவும் யோசிப்பார்கள்.

அறிக்கையை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஊரில் பாவம் செய்தவர் தாமே எழுதுவதில்லை. போதகர் எழுதுவார்; பாவி நின்று கேட்டு, ஆமென் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அதைச் சுத்தப் பிரதி எடுக்க என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஊரில் நான் செய்த ஒரே தைரியமான காரியம் அதுதான். கோணல் எழுத்தில் அவரே எழுதிக்கொண்டார்.

கையெழுத்துப் போடாதே என்று கெசியாவிடம் கெஞ்சினேன், அதட்டினேன். உண்மை உன் பக்கம், பாதி ஊர் உன் பக்கம், இன்னும் ஒரு வாரம் நின்றால் அவர்கள் இறங்கி வருவார்கள் என்றேன். அவள் எனக்கு ஆப்பிள் சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மூப்பரிடம் ஒரு சேதி சொல்லச் சொன்னாள். கையெழுத்து தருகிறாள். ஆனால் பதினேழாவது எண் புத்தகத்திலிருந்து போக வேண்டும். போதகரின் கைப்பிரதி, என் பிரதி, இரண்டு தாளும் அவள் கைக்கு வர வேண்டும். "மொதல்ல காகிதம். அப்புறம் கையெழுத்து."

பேரம் இரண்டு நாள் நடந்தது. பாஸ்டன் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது, போதகரும் இறங்கினார். தாள்கள் வந்தன. அவளுக்கு எங்கள் சாதாரண எழுத்தும் நன்றாகப் படிக்க வரும். ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்து, வேறு பிரதி இல்லை என்று போதகரை மூப்பர்கள் முன் வாயால் சொல்லவைத்து, இரண்டையும் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுக் கழியால் அமுக்கினாள்.

அடுத்த ஞாயிறு அவள் நடுக்கூடத்தில் நின்றாள். போதகர் மேடையிலிருந்து வாசித்தார்: 'கெசியா லார்க்கினாகிய நான் ஆங்காரத்தினாலும் நாவின் அடக்கமின்மையினாலும் தேவ ஊழியரை நோகச் செய்தேன். துக்கத்தை என் பகைக்குக் கருவியாக்கினேன். உங்கள் மன்னிப்பை மன்றாடுகிறேன்.' ஒலித்தட்டு அவர் குரலைக் கடைசிப் பெஞ்சு வரை கொண்டுபோயிற்று. 'நான்' என்று வந்த இடத்திலெல்லாம் பேசியது அவர். நின்றது அவள். என்ன தெளிவான நடை! படிக்கிறவன் எவனும் அதை அவள் மனசிலிருந்து வந்தது என்றுதான் நம்புவான். அவள் ஆமென் சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டு இடத்துக்குப் போனாள். ஹுல்டா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஆளை ஜெயிக்கவிட்டுவிட்டாயே, உன் பெயரில் ஒரு பொய் சபைப் புத்தகத்தில் ஏறிவிட்டதே என்று பொரிந்தேன். அவள் தோலைக் கழுவிப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"எம் பேர்ல பொய் சொன்னா எனக்கு வாய் இருக்கு வாத்தியாரே. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு நான் சொல்லிக்குவேன். அவன் பேர்ல சொன்னா அவன் வந்து சொல்வானா?"

பிழிந்த தோலைக் கொடியில் விரித்துவிட்டு அவளே கேட்டாள்:

"அந்தப் புஸ்தகத்துல மொத்தம் எத்தன சம்பவம்னு சொன்னீங்க?"

"நாப்பத்தொண்ணு. இப்போ நாப்பது."

"அந்த நாப்பது பேருக்கும் நெசமா என்ன ஆச்சுன்னு யாராச்சும் எழுதி வெச்சிருப்பாங்களா?"

நாற்பதையும் என் கையால் எழுதியவன் நான். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாக்கியம். இடிந்து விழுந்த பாலத்தில் குடிகாரன். எரிந்த களஞ்சியத்தில் வேலைக்காரி. எந்தப் பாலம், யார் கட்டியது, களஞ்சியக் கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது? ஒன்றுக்கும் வரி இல்லை. ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நடை நன்றாக இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

"பதினெட்டாவது யாரு?"

"வேலைக்காரப் பொண்ணு. பத்தொம்பது வயசு. எஜமானிய எதிர்த்துப் பேசினதுக்காகத் தேவன் நெருப்பால தண்டிச்சார்னு எழுதியிருக்கு. ஹார்ல்ஸ்டன் ஊர்."

கெசியா கையை உதறித் துடைத்தாள். ஹார்ல்ஸ்டன் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். ஆற்றோரமாகப் போனால் ஒன்றரை நாள் நடை என்றேன். அந்தப் பெண்ணுக்கு அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை என்றேன்.

"அதெல்லாம் அதுல இருக்காது" என்றாள். பிறகு உள்ளே போய், பனி விழறதுக்குள்ள நாலு நாள் வண்டி வேணும் என்று ரூபனிடம் சொல்வது கேட்டது.